நிழலுக்கும் ஓரம் உண்டு

அம்மாவின் பால் கணக்கு நோட்டுகள் ஊரில் ஒரு டிரங்குப் பெட்டி நிறையக் கிடக்கின்றன. தங்கை பாயில் விரித்து வைத்துப் போனில் படமெடுத்து அனுப்புகிறாள். பக்கத்தை மட்டும் வெட்டி நேராக்க பைத்தானில் நிரல் எழுதுவது என் பொறுப்பு. நாலு ஓரத்தைக் கண்டுபிடித்தால் முடிந்தது என்று நினைத்தேன். மூன்று ஞாயிற்றுக்கிழமை போயிற்று.

படங்களை அலசும் ஓப்பன்சிவி நிரல் நூலகத்தில், விளிம்புகளைக் கண்டுபிடிக்கும் கேன்னி முறையை 100, 200 என்று இரண்டு வரம்பு கொடுத்து ஓட்டினேன். பாயின் கோரை ஒவ்வொன்றும் வந்தது. அம்மாவின் கையெழுத்து வந்தது, தங்கையின் கை நிழல் வந்தது. தாளின் இடது ஓரம் மட்டும் வரவில்லை. பழுப்பேறிய தாளும் பாயும் ஏறக்குறைய ஒரே நிறம்.

கோரையை ஒழிக்கப் படத்தை முதலில் காஸியன் என்ற மென்மையாக்கும் வடிகட்டியால் மங்கலாக்க வேண்டும். ஓப்பன்சிவியின் கேன்னி அதைத் தானாகச் செய்துகொள்ளும் என்று நம்பியிருந்தேன். செய்யாது! ஒரு ஞாயிறு அதிலேயே காலி.

இடது ஓரத்தை மீட்டது ஜான் கேன்னி 1986இல் எழுதிய கட்டுரையின் இரட்டை வரம்பு. மேல் வரம்பைத் தாண்டியது நிச்சயமான விளிம்பு. கீழ் வரம்பையும் எட்டாதது தள்ளுபடி. நடுவில் நிற்பவை, நிச்சயமானதைத் தொட்டுக்கொண்டிருந்தால் மட்டும் தப்பும். தெரிந்தவர் கையைப் பிடித்துக்கொண்டு பந்திக்குள் நுழைவது மாதிரி. 40, 120 என்று மாற்றியதும், மேல் மூலையில் பளிச்சென்று இருந்த துண்டைப் பிடித்துக்கொண்டு இடது ஓரம் முழுசாக வந்துவிட்டது.

அப்புறம் சில படங்களில் எட்டு பிக்சலுக்கு ஒருமுறை நேர்கோடுகள். அவை படக் கோப்பைச் சிறிதாக்கும் ஜேபெக் சுருக்கத்தின் 8×8 கட்டங்கள். தங்கையிடம் மூலப் படத்தையே அனுப்பச் சொன்னேன், தீர்ந்தது.

நிழல்தான் படுத்தியது. அதன் ஓரம் தாளின் ஓரத்தைவிடக் கூர்மை. வரம்பை எப்படித் திருகினாலும் நிழல் நின்றது, தாள் போயிற்று. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் நோட்டின் நீலக் கோடுகள் கண்ணில் பட்டன. நிழலுக்குள் நுழையும்போது மங்குகின்றனவே தவிர அறுபடவில்லை. தாளின் ஓரத்தில் சட்டென்று நின்றுவிடுகின்றன. சரி, சந்தேகமான விளிம்பின் இரு பக்கமும் நீலக் கோடு தொடர்கிறதா என்று பார்த்து, தொடர்ந்தால் தூக்கிவிடு என்று நாலு வரி சேர்த்தேன். நிழல் போயிற்று.

நோட்டு அட்டையில் நீலக் கோடு கிடையாது. அதற்கு மட்டும் நாலு மூலையையும் நானே கிளிக் செய்கிறேன்.