எம்.எல்.ஏ.விடம் எதைக் கேட்கலாம், எப்படிக் கேட்கலாம்

சட்டமன்ற உறுப்பினர் ஒருவரால் மாநில பட்ஜெட்டில் ஒரு ரூபாயைக்கூடக் கூட்ட முடியாது. அரசியலமைப்புச் சட்டத்தின் 203ஆவது பிரிவுப்படி, ஒவ்வொரு துறைக்கும் அரசு அவையிடம் பணம் கேட்கும் மானியக் கோரிக்கைக்கு அவை ஒப்புதல் தரலாம், மறுக்கலாம், தொகையைக் குறைக்கலாம். அவ்வளவுதான். ஆளுநரின் பரிந்துரை இல்லாமல், அதாவது அமைச்சரவை கேட்காமல், எந்தக் கோரிக்கையும் அவைக்கு வராது. மக்களவைக்கும் இதே கதைதான், அங்கே 113ஆவது பிரிவு.

இதனால் ஒரு வேடிக்கை நடக்கிறது. வேளாண்மைக்கு ஒதுக்கியது போதாது என்று பேச நினைக்கும் உறுப்பினர், அந்த மானியத்தில் 100 ரூபாயைக் குறைக்கச் சொல்லித்தான் வெட்டுத் தீர்மானம் கொடுக்க வேண்டும். கொள்கையையே எதிர்க்கிறார் என்றால் மொத்தத் தொகையையும் 1 ரூபாயாகக் குறைக்கச் சொல்வார். இவை நிறைவேறுவதில்லை, நிறைவேறினால் அரசு கவிழ்ந்துவிடும். பேசுவதற்கு ஒரு பிடி வேண்டும், அதற்குத்தான் அந்த 100 ரூபாய். 2021 ஆகஸ்டிலிருந்து தமிழ்நாட்டில் வேளாண்மைக்குத் தனி பட்ஜெட் தாக்கல் செய்கிறார்கள். அதிலும் உறுப்பினரின் அதிகாரம் இதே அளவுதான்.

ஆகவே ‘எங்கள் தொகுதிக்கு இத்தனை கோடி கொண்டுவந்தேன்’ என்று போஸ்டரில் வரும் தொகையை இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்று, துறை எப்படியும் ஒதுக்கியது. மற்றது, அவர் பெயரிலேயே பரிந்துரைக்கக்கூடிய தொகுதி மேம்பாட்டு நிதி. எம்.எல்.ஏ.வுக்கு ஆண்டுக்கு 3 கோடி, எம்.பி.க்கு 5 கோடி. தமிழ்நாட்டில் ஒரு மக்களவைத் தொகுதிக்குள் 6 சட்டமன்றத் தொகுதிகள் இருப்பதால், எம்.பி. நிதியைச் சமமாகப் பங்கிட்டால் ஒவ்வொன்றுக்கும் 83 லட்சம் வரும். 60 ஊராட்சிகள் உள்ள ஒரு கிராமப்புறத் தொகுதியில் எம்.எல்.ஏ. நிதி ஊராட்சிக்கு 5 லட்சம்தான். ஒரு சின்ன பேருந்து நிழற்குடைக்கும் கொஞ்சம் சிமென்ட் சாலைக்கும் அது சரியாகப் போய்விடும்.

அந்தப் பணமும் அவர் கைக்கு வராது. அவர் பரிந்துரைக் கடிதம்தான் தருவார். நிர்வாக அனுமதி தருவது மாவட்ட ஆட்சியர், வேலையை நடத்துவது பெரும்பாலும் ஊரக வளர்ச்சித் துறை. எம்.பி. நிதிப் பரிந்துரைக்கு 45 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பது விதி. ஆண்டு முடிந்தாலும் அந்த நிதி காலாவதியாகாது. அதில் 15 சதவீதம் ஆதிதிராவிடர் வாழும் பகுதிகளுக்கும் 7.5 சதவீதம் பழங்குடியினர் பகுதிகளுக்கும் போக வேண்டும்.

விவசாயத்துக்கு இந்த நிதியில் உருப்படியாக எதைக் கேட்கலாம் என்றால், நான் முதலில் சொல்வது நெல் உலர்களம். தனி ஆளின் வயலுக்குப் போகிற எதையும் கேட்க முடியாது. பம்புசெட், வரப்பு, வேலி எல்லாம் அடிபட்டுப் போகும். களம் பொதுச் சொத்து.

ஆனால் எவ்வளவு பெரிய களம் என்ற கணக்கைப் போடாமலே மனு எழுதுகிறார்கள். நெல்லை 3 சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்பினால்தான் ஒழுங்காகக் காயும். 15 மீட்டருக்கு 10 மீட்டர் களத்தில் அப்படிப் பரப்பினால் சுமார் இரண்டரை டன் கொள்ளும். 40 கிலோ மூட்டையில் அறுபத்துச் சொச்சம், அதாவது ஓர் ஏக்கர் சம்பா. நல்ல வெயிலில் நாளுக்கு ஓர் ஏக்கர் என்றால், 200 ஏக்கர் ஊரில் ஒரு களம் யாருக்குப் போதும்? அறுவடை இயந்திரம் ஒரே வாரத்தில் மொத்தத்தையும் அறுத்துத் தள்ளிவிடுகிறது. மீதி நெல் தார்ச்சாலைக்கு வருவதற்கு இந்தக் கணக்குதான் காரணம். மனுவில் சாகுபடிப் பரப்பையும் அறுவடை நாட்களையும் எழுதி, இத்தனை களம் வேண்டும் என்று கேட்டால் மறுப்பது கடினம்.

நேரடிக் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பத வரம்பு 17 சதவீதம். 20 சதவீத ஈரத்தில் இருக்கும் 1,000 கிலோ நெல், 17க்கு இறங்கும்போது 964 கிலோவாகும். அந்த 36 கிலோ எடைக்குறைவுக்குப் பயந்து காயவைக்காமல் கொண்டுபோகிறவர்களும் உண்டு. திருப்பி அனுப்பினால் வண்டி வாடகையில் அதைவிட அதிகம் போய்விடும்.

களம் கெட்டுப்போவது கட்டும்போதே தொடங்கிவிடுகிறது. கிராவலைக் கொட்டித் தண்ணீர் விட்டு ரோலர் ஓட்டாமல் மேலே ஜல்லிக் கான்கிரீட் போட்டால், முதல் டிராக்டர் ஏறியதும் மூலை உடையும். நீர் வடிய 100க்கு 1 என்றாவது சாய்வு வேண்டும். தட்டையாகப் போட்டால் மழை நின்று இரண்டு நாள் ஆனாலும் நடுவில் குளம் நிற்கும். மூன்று மீட்டருக்கு ஓர் இணைப்பு விட்டுத் தார் நிரப்பவில்லை என்றால், கான்கிரீட் தானே தன் இஷ்டத்துக்குக் கோடு போட்டுக்கொள்ளும். எல்லாவற்றையும்விட அதிகமாக ஏமாற்றப்படுவது நீராற்றுதல். சாதாரண சிமென்ட்டுக்கு 7 நாளாவது, சாம்பல் கலந்த பி.பி.சி. சிமென்ட்டுக்கு 10 நாளாவது பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்த வேண்டும். நிறுத்தாவிட்டால் மேற்பரப்பு பொடியும், அந்த மணல் நெல்லில் சேரும். கொள்முதல் விதியில் கல், மண் போன்ற கலப்புக்கு வரம்பு 1 சதவீதம். களத்தில் காயவைத்த நெல்லே களத்தால் கழிபட நேர்ந்தால் யாரைக் கேட்பது?

இடம் பற்றி ஒரு வார்த்தை. பரிந்துரைகள் முடங்குவது பெரும்பாலும் இங்கேதான். மனுவில் புல எண் (சர்வே எண்) இருக்க வேண்டும். கிராம நிலப் பதிவேடான அ-பதிவேட்டில் அந்த இடம் என்ன வகை என்று பார்த்திருக்க வேண்டும். களப்புறம்போக்கு என்றால் பிரச்சினையே இல்லை. ஓடை, குளம், வாய்க்கால் புறம்போக்கு என்றால் கட்ட முடியாது, எவ்வளவு காய்ந்து கிடந்தாலும். கிராம சபைத் தீர்மான நகலையும் சேர்த்துவிடுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு சபைகள் கூடுகின்றன. மதிப்பீட்டில் வரியும் அடக்கம் என்பதை மறக்க வேண்டாம்: அரசுக் கட்டுமான ஒப்பந்தங்களுக்கு 2022 ஜூலையிலிருந்து ஜிஎஸ்டி 18 சதவீதம். வரியோடு சேர்த்து 10 லட்சம் என்றால் வேலைக்குப் போவது எட்டரை லட்சத்துக்கும் கீழே.

பாதுகாப்பு என்று வந்தால் எல்லா ஊரும் கேட்பது உயர்கோபுர மின்விளக்கு. தூரத்திலிருந்து தெரியும், அடியில் பெயர்ப்பலகை வைக்கலாம், உறுப்பினருக்கும் பிடிக்கும். எனக்கு இதில் உடன்பாடு கிடையாது. ஆறு 200 வாட் எல்.இ.டி. விளக்குகள் ஓர் இரவுக்கு 12 மணி நேரம் எரிந்தால் மாதம் 432 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்று வைத்தாலே ஆண்டுக்கு 41 ஆயிரத்துக்கு மேல். அந்த பில் ஊராட்சியின் தலையில். மாதாமாதம் வரும் செலவைத் தொகுதி நிதியில் எழுத முடியாது. அதே ஊரில் 24 வாட் விளக்கு 20 கம்பங்களில் போட்டால் மாதம் 173 யூனிட்தான். பள்ளிக்கூடம் போகிற பாதையும் பெண்கள் பஸ் இறங்கி நடக்கும் பாதையும் வெளிச்சமாகும். கோபுர விளக்கு நாற்சந்தியை மட்டும் பகலாக்கும். இருட்டு எங்கே இருந்ததோ அங்கேயே இருக்கும். கெட்டுப்போனால் இன்னொரு தொல்லை: விளக்குத் தட்டைக் கீழே இறக்க வின்ச்சும் கம்பிவடமும் வேலை செய்ய வேண்டும். எண்ணெய் விடாமல் துருப்பிடித்தால் கிரேன்தான். உயரம் குறைந்த கோபுர விளக்குகள் பலவற்றில் இறக்கும் அமைப்பே இருக்காது.

கண்காணிப்புக் கேமராவிலும் இதே கண்மூடித்தனம். விநாடிக்கு 4 மெகாபிட் வேகத்தில் பதியும் ஒரு கேமரா நாளுக்கு 43 ஜி.பி. தின்னும். எட்டுக் கேமராவுக்கு 30 நாள் பதிவு வேண்டுமானால் 10 டி.பி.க்கு (10,000 ஜி.பி.க்கு) மேல் பதிவு வட்டு (ஹார்ட் டிஸ்க்) வேண்டும். 2 டி.பி. வட்டோடு நிறுத்திவிட்டால் ஆறாவது நாளே பழைய பதிவு அழிந்துவிடும். திருட்டுப் போனது ஒரு வாரம் கழித்துத் தெரியவந்தால் காட்ட ஒன்றும் இருக்காது. மதிப்பீட்டில் கேமராவின் எண்ணிக்கையைப் பார்ப்பவர்கள் வட்டின் அளவைப் பார்ப்பதில்லை. யு.பி.எஸ். இருக்கிறதா, மூன்று ஆண்டுப் பராமரிப்பு கொள்முதல் விலையிலேயே அடங்குகிறதா என்பதையும் ஆணை போடும் முன்பே கேட்க வேண்டும்.

சாலை விபத்துக்கு வேகத்தடை கேட்டு மனு கொடுப்பதும் பழக்கமாகிவிட்டது. தேசிய நெடுஞ்சாலையில் வேகத்தடை அமைக்கக் கூடாது என்பதால் அந்த மனு அப்படியே திரும்பும். கேட்க வேண்டியது வேறு. 500 மீட்டர் நீளத்துக்குள் மூன்று ஆண்டுகளில் உயிரிழப்பு அல்லது கொடுங்காயம் ஏற்பட்ட விபத்து 5 நடந்திருந்தால், அல்லது 10 பேர் இறந்திருந்தால், அது விபத்துக் கரும்புள்ளி. அந்தப் பெயர் கிடைத்துவிட்டால் சீரமைக்கும் கடமை நெடுஞ்சாலைத் துறைக்கு வந்துவிடும். ஆகவே காவல் நிலையத்தில் முதல் தகவல் அறிக்கை எண்களையும் தேதிகளையும் திரட்டி, கிலோமீட்டர் கல்லைக் குறிப்பிட்டு எம்.பி.யிடம் கொடுங்கள். மாவட்டத்தில் எம்.பி. தலைமையிலேயே சாலைப் பாதுகாப்புக் குழு ஒன்று உண்டு. ‘திஷா’ எனப்படும் வளர்ச்சி ஒருங்கிணைப்பு, கண்காணிப்புக் குழுவுக்கும் அவர்தான் தலைவர். காலாண்டுக்கு ஒரு முறை அது கூட வேண்டும், ஆட்சியர் அதன் உறுப்பினர் செயலர். வேகத்தடை கிளைச்சாலையில் வரலாம், அங்கும் அளவு உண்டு: 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம். ஊரார் சேர்ந்து போடும் குட்டைச் சுவர், வேகத்தைவிட முதுகெலும்பைத்தான் தடுக்கிறது.

உண்மையில் பெரிய பணம் கிடப்பது பயிர்க் காப்பீட்டில். தொகுதி நிதி அதன் பக்கத்தில் சில்லறை. அங்கே உறுப்பினரின் கருவி கேள்விதான். விவசாயி கட்டுவது சம்பாவுக்குக் காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம், மீதியை மத்திய, மாநில அரசுகள் கட்டுகின்றன. விளைச்சல் குறைவுக்கான இழப்பீடு தனி வயலைப் பார்த்து வருவதில்லை; கிராமத்தின் சராசரி விளைச்சலைப் பார்த்து வருகிறது. அந்தச் சராசரியை முடிவு செய்வது நான்கு பயிர் அறுவடைச் சோதனைகள். ஒவ்வொன்றும் 5 மீட்டருக்கு 5 மீட்டர், 25 சதுர மீட்டர். அதை ஹெக்டேருக்கு மாற்ற 400ஆல் பெருக்குவார்கள். ஒரு துண்டில் ஒரு கிலோ கூடுதலாக எழுதினால் அந்தத் துண்டின் விளைச்சல் ஹெக்டேருக்கு 400 கிலோ ஏறும், கிராமச் சராசரி 100 கிலோ ஏறும். உத்தரவாத விளைச்சல், அதாவது காப்பீட்டில் ஊருக்கு நிர்ணயித்த அளவு, 4,000 கிலோ, சோதனையில் கிடைத்தது 3,000 என்றால் குறைவு 25 சதவீதம். ஏக்கருக்குக் காப்பீட்டுத் தொகை 36,000 என்று வைத்தால் இழப்பீடு 9,000. சராசரி 100 கிலோ ஏறினால் அது 8,100 ஆகிவிடும். ஒரு கிலோவின் விலை, ஊர் முழுக்க ஏக்கருக்கு 900 ரூபாய். சோதனை நாளில் ஊரில் நாலு பேர் தராசுக்குப் பக்கத்தில் நின்றால் போதும்.

சட்டமன்றக் கேள்விகள் பெரும்பாலும் ‘இழப்பீடு வழங்க அரசு ஆவன செய்யுமா?’ என்று முடிகின்றன. ‘பரிசீலனையில் உள்ளது’ என்று பதில் வந்துவிடும், முடிந்தது. அதற்குப் பதிலாக இந்தக் குறுவட்டத்தில் எத்தனை சோதனை திட்டமிடப்பட்டது, எத்தனை நடந்தது, மாநிலப் பங்குத் தொகை எந்தத் தேதியில் விடுவிக்கப்பட்டது, தாமதத்துக்கு விதிப்படியான 12 சதவீத வட்டி யாரிடம் வசூலாயிற்று என்று கேட்டால் பதிலில் எண் இருந்தே ஆக வேண்டும். மக்களவையில் ஒரு நாளுக்கு, அவையில் வாய்மொழியாகப் பதில் வரும் நட்சத்திரக் குறியிட்ட கேள்வி 20, குறியிடாதது 230. 15 நாள் முன்னறிவிப்பு தேவை. எழுத்துப் பதில் வரும் குறியிடாத கேள்விதான் புள்ளிவிவரத்துக்கு நல்லது. மைக் முன்னால் நிற்கும் அழகு அதில் இல்லை என்பதால் பலர் விரும்புவதில்லை.

அவையில் அமைச்சர் ஒப்புக்கொண்டதைத் துரத்த அரசு உறுதிமொழிக் குழு இருக்கிறது. மக்களவையில் ‘பரிசீலனையில் உள்ளது’ என்ற சொல்லே உறுதிமொழிக் கணக்கில் ஏறும். மூன்று மாதத்தில் நிறைவேற்ற வேண்டும். தமிழ்நாட்டில் இன்னொரு வாசலும் உண்டு, அதற்கு எம்.எல்.ஏ.வின் கையெழுத்துகூட வேண்டாம். சட்டமன்ற மனுக்கள் குழு மாவட்டத்துக்கு வரும் முன் பொதுமக்களிடமிருந்து மனு கேட்டு அறிவிப்பு வரும். ஐந்து பிரதிகள் அனுப்ப வேண்டும். ஒரு மனுவில் ஒரே பிரச்சினை, ஒரே துறை. பட்டா, வேலை, முதியோர் ஓய்வூதியம், நீதிமன்றத்தில் இருக்கும் வழக்கு என்றால் எடுக்க மாட்டார்கள். களம், பாலம், விளக்கு மூன்றையும் ஒரே தாளில் எழுதி அனுப்பினால் அதுவும் போய்விடும். மூன்று மனுவாக எழுதுங்கள், ஒவ்வொன்றிலும் புல எண்ணோடு.