ஸ்டார்க் கொடியின் கீழ் ஒரு குறுநில மன்னர்

‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ டிவி தொடரை வைத்து ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ் அசென்ட்’ என்று முகநூலிலேயே ஒரு இலவச விளையாட்டு இருந்ததே, யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா? 2013-ல் வந்தது. டவுன்லோடு எதுவும் வேண்டாம், பிரவுசரே போதும்.

இதில் நீங்கள் தொடரின் நாயகர்களில் ஒருவரான ஜான் ஸ்னோ கிடையாது. யாருக்கும் பெயர் தெரியாத ஒரு சின்ன வம்சத்தின் தலைவர், அவ்வளவுதான். ஸ்டார்க், லானிஸ்டர், டார்கேரியன் என்று ஏதாவது ஒரு பெரிய குடும்பத்துக்கு விசுவாசம் சொல்லிவிட்டு அதன் நிழலில் வளர வேண்டும். நான் கண்ணை மூடிக்கொண்டு ஸ்டார்க். (தொடரில் அந்தக் குடும்பத் தலைவர் நெட் ஸ்டார்க்கின் தலையே போனது தெரிந்துமா என்று கேட்காதீர்கள்.)

போர், வணிகம், சூழ்ச்சி என்று மூன்று வழி. நம் வீரனை அனுப்பி நேரடியாக மோதலாம், பேரம் பேசலாம், இல்லையென்றால் சத்தமில்லாமல் உளவு பார்த்துத் திருடலாம். எனக்குக் கடைசிதான் இஷ்டம். எதிராளி வாள்வீச்சில் கெட்டியாக இருப்பார், சூழ்ச்சியில் கோட்டை விட்டிருப்பார். அங்கேதான் கை வைக்க வேண்டும்.

அப்புறம் காத்திருப்பு. போன ஆள் திரும்ப மணிக்கணக்காகும், கட்டடம் எழும்பவும் அப்படியே. பொன் கொடுத்தால் சட்டென்று முடியும், ஆனால் அந்தப் பொன்னுக்கு நிஜப் பணம் வேண்டும். இலவச விளையாட்டுகளின் சூட்சுமமே அதுதானே! நான் பைசா கொடுக்கவில்லை. ஆபீஸ் கிளம்பும்போது ஆளை அனுப்பிவிட்டு, சாயங்காலம் வந்து கொள்ளையை எண்ணுவேன்.

2019 தொடக்கத்தில் மூடிவிட்டார்கள், டிவி தொடரின் கடைசி சீசன் வருவதற்குச் சில மாதம் முன்பு. அதே வருஷம் ‘வின்டர் இஸ் கமிங்’ என்று இன்னொரு பிரவுசர் விளையாட்டு வந்தது. கோட்டை, படை, கூட்டணி எல்லாம் உண்டு. அதை ஆடியவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், சூழ்ச்சிக்கு இடமிருக்கிறதா?