'மாதிரி' என்று சொன்னாரா?

"தூசி விழுந்த மாதிரி உறுத்துது" என்று சொன்னாரா, "தூசி விழுந்து உறுத்துது" என்று சொன்னாரா? கண் உறுத்துகிறது என்று என் மருந்துக் கடைக்கு வந்த ஒரு அண்ணனைப் பற்றித்தான் நாலு வருஷமாக யோசிக்கிறேன், பிடிபடவில்லை.

மெட்ராஸ் ஐ ஊரெல்லாம் பரவியிருந்த நேரம். அந்த வாரங்களில் கறுப்புக் கண்ணாடியோடு யார் கடைப் படியேறினாலும் கை தானாகச் சொட்டு மருந்து ரேக்குக்குப் போய்விடும். எல்லோரும் மண் விழுந்த மாதிரி என்றுதான் சொல்வார்கள். அவரும் அதையே சொன்னதாக என் காது எடுத்துக்கொண்டது.

"பீளை கட்டுதாண்ணே?" என்று கேட்டேன்.

"பீளையெல்லாம் இல்ல தம்பி, தண்ணிதான் வடியுது."

மெட்ராஸ் ஐயிலும் தண்ணீர் வடியும். ஒரு கண்தான் சிவந்திருந்தது. அதுவும் ஒரு கண்ணில் ஆரம்பித்து இரண்டொரு நாளில் அடுத்த கண்ணுக்குப் போவதுதானே? சரி, அதுவரை என் மேல் தப்பில்லை. ஆனால் அவர் சட்டைக் காலரில் வைக்கோல் துணுக்கு ஒட்டியிருந்தது, கதிரடிக்கும் களத்திலிருந்து நேராக வந்திருந்தார். அதை அன்றைக்கே பார்த்தேனா, பிற்பாடு நானாகச் சேர்த்துக்கொண்டேனா, அதுவும் இப்போது நிச்சயமில்லை.

ஆன்டிபயாட்டிக்கும் ஸ்டீராய்டும் கலந்த சொட்டு மருந்தைக் கொடுத்தேன். டாக்டர் சீட்டு இல்லை. கேட்டிருந்தால் பக்கத்துக் கடையில் போய் அதையே வாங்கியிருப்பார். இந்தச் சமாதானத்தை எனக்கு நானே எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை. பக்கத்துக் கடைக்காரர் கொடுக்கவில்லை, நான்தான் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் சிரித்துக்கொண்டே வந்தார். "செவப்பு கொறஞ்சிருச்சு தம்பி, இன்னொன்னு குடு." கொடுத்தேன். தூக்கம் கெடுப்பது முதல் பாட்டில் இல்லை, இந்த இரண்டாவது பாட்டில்தான். ஸ்டீராய்டு சிவப்பைக் குறைக்கும், வலியைக்கூட அடக்கும். உமியோ வைக்கோலோ கருவிழியைக் கீறி, அந்தக் கீறலில் பூஞ்சை இறங்கியிருந்தால், கண்ணின் எதிர்ப்பையும் சேர்த்து அடக்கிப் பூஞ்சைக்கு வழிவிட்டுவிடும். டி.ஃபார்ம் என்ற மருந்தாளுநர் படிப்பில் படித்ததுதான், பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன்.

அப்புறம் அவர் மனைவிதான் வந்தார். "கண்ணுல பூ விழுந்திருச்சுங்கறாங்க தம்பி." மதுரைக்குக் கூட்டிப்போனார்கள். புண்ணைச் சுரண்டிப் பார்த்துப் பூஞ்சை என்றார்களாம். பூஞ்சைக்கான நாட்டமைசின் சொட்டு, மணிக்கு ஒரு தடவை. புண் ஆறியது, தழும்பு நட்டநடுவில் நின்றுவிட்டது. அந்தக் கண்ணில் வெளிச்சம் தெரிகிறது, ஆள் தெரியவில்லை.

அதே வாரம் இன்னொருவர் அலறிக்கொண்டு வந்தார். வெள்ளைவிழி முழுக்க ரத்தம். முந்தின நாள் கடும் இருமல், வலியில்லை, பார்வையும் தெளிவு. சின்ன ரத்தக்குழாய் உடைந்திருக்கிறது, இரண்டு வாரத்தில் தானே கரையும், பிபி மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள் என்று தேற்றி அனுப்பினேன். அப்படியே கரைந்தது. அவரிடம் உட்கார்ந்து கேட்ட கேள்விகளை அந்த அண்ணனிடம் ஏன் கேட்கவில்லை? பார்க்கப் பயமாக இல்லாததால்தான் என்று தோன்றுகிறது.

இப்போதெல்லாம் கண்ணாடியைக் கழற்றச் சொல்கிறேன். நல்ல கண்ணைப் பொத்திக்கொண்டு சுவர் காலண்டரில் தேதியைப் படிக்கச் சொல்கிறேன். வெளிச்சம் கூசுகிறதா, என்ன விழுந்தது, லென்ஸ் போடுகிறவரா என்று கேட்கிறேன். வயதானவர் என்றால் தலைவலி, வாந்தி உண்டா என்றும் கேட்பேன். கண்ணில் அழுத்தம் திடீரென ஏறினால் அப்படித்தான் வரும், அதைக் கண் ஒரு நாள்கூடத் தாங்காது. ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் மருந்து கிடையாது, பெரியாஸ்பத்திரிதான்.

போன மாதம் கண் கூசுகிறது என்ற ஒரு அக்காவை அப்படித்தான் அனுப்பினேன். வெறும் மெட்ராஸ் ஐ. அதிலும் சிலருக்குக் கூசும். "ஒரு சொட்டு மருந்துக்கு ஒரு நாள் கூலி போச்சு, பஸ் காசும் போச்சு" என்று கடை வாசலிலேயே திட்டினார். அவர் சொன்னதும் நியாயம்தான். இப்போது அவர் பக்கத்துக் கடையில் வாங்குகிறார்.

அந்த அண்ணன் இன்னும் என்னிடம்தான் வருகிறார், மனைவிக்குச் சுகர் மாத்திரை வாங்க. அட்டையை நல்ல கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்த் தேதி பார்ப்பார். கடையில் யாராவது நின்றால் என்னைக் காட்டிச் சொல்வார்: "தம்பி குடுத்த மருந்து நல்லாத்தான் கேட்டுச்சு. நாந்தான் தொடர்ந்து போடல." ஒவ்வொரு தடவையும் வாயெடுத்துவிட்டு, மீதிச் சில்லறையை எண்ணிக் கொடுத்து அனுப்பிவிடுகிறேன்.