சார், அவ அவனுக்கு அத்தையாம்!

எங்கள் பெரிம்மாவிடம் படம் எப்படி என்று கேட்டால் நடிப்பு, இசை, ஒளிப்பதிவு என்று எதுவும் வாயில் வராது. யார் யாருக்குப் பொறந்தது, யார் யாருக்கு என்ன முறை, இவ்வளவும் தெளிவாகிவிட்டால் நல்ல படம். தெளிவாகாவிட்டால் பாதியிலேயே தூங்கிவிடும். கடலூர் முதுநகரில் அந்தத் தெருவில் நடந்த கல்யாணங்களில் பாதி பெரிம்மா பேசி முடித்தது. அதனால் இந்த விஷயத்தில் எதிர்த்துப் பேச யாருக்கும் தைரியம் கிடையாது.

அக்கா பையன் சென்னைக் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவன். ஜாகை பெரிம்மா வீட்டில்தான். ஏழு மணியிலிருந்து பத்து மணி வரை டிவி பெரிம்மாவின் சீரியல்களுக்குச் சொந்தம், அதற்கு மேல் அவனுக்கு. பத்து மணிக்குத் தூங்கப் போக வேண்டிய பெரிம்மா, "என்னாதான் பாக்குறான்னு பாப்போம்" என்று சேரைவிட்டு எழுந்திருக்காததில்தான் எல்லாமே ஆரம்பித்தது.

முதலில் போட்டது 'அடலசன்ஸ்'. பதிமூணு வயசுப் பையனைக் கொலைக் கேசில் விடியற்காலையில் வீடு புகுந்து போலீஸ் பிடித்துக்கொண்டு போகிற இங்கிலாந்துத் தொடர். மொத்தமே நாலு எபிசோட். ஒவ்வொன்றும் கேமராவை நிறுத்தாமல் ஒரே ஷாட்டில் எடுத்தது. இவன் அதையே திரும்பத் திரும்பச் சொல்லி மாய்ந்து போனான். "ஆயா, கட்டே கிடையாது ஆயா, கட்டே கிடையாது!"

"இதுல என்னாடா அதிசயம்? உங்கம்மா கல்யாண கேசட்டும் அப்படித்தான். சமையக்கட்டுக்குள்ள பூந்தான்னா சாம்பார் அண்டாவுல ஆரம்பிச்சு தாலி கட்டுற வரைக்கும் நிறுத்தவே மாட்டான்."

ஆனால் மூன்றாவது எபிசோடில் உளவியல் நிபுணர் அந்தப் பையனுக்குப் பாதி சாண்ட்விச் கொண்டுவந்து கொடுப்பார். உள்ளே சீஸும் ஊறுகாயும். எனக்கு ஊறுகாய் பிடிக்காது என்பான் பையன். உலகமே பாராட்டிய எபிசோட் அது. பெரிம்மா அந்த சாண்ட்விச்சைத் தாண்டி வரவில்லை. "பிடிக்காதுன்னு சொல்லுதில்ல புள்ள? வேற ஏதாவது குடுத்தாத்தான் என்னவாம்?" என்று கடைசி வரை ஒரே பொருமல். பையன் கத்தியால் குத்தினானா இல்லையா என்பதெல்லாம் அப்புறம்.

அடுத்து 'டார்க்'. 2017-ல் ஆரம்பித்து 2020-ல் மூன்று சீசனோடு முடிந்த ஜெர்மன் தொடர். இனிமேல்தான் பார்க்கப் போகிறேன், கதையைச் சொல்லிவிட்டாயே என்று யாரும் சண்டைக்கு வராதீர்கள். இந்தப் பதிவே அந்தச் சண்டையைப் பற்றித்தான்.

விண்டன் என்று ஒரு ஊர். எப்போதும் மழை. ஊரை ஒட்டி மின்நிலையத்தின் பெரிய கோபுரங்கள். "நெய்வேலியாடா?" என்றது பெரிம்மா. அணு மின்நிலையம் என்றான். "இந்த ஊர்ல வெயிலே அடிக்காதா? துணியெல்லாம் எப்படிக் காயும்?" என்றது. அதற்கு அவனிடம் பதில் இல்லை. ஒரு குகை வழியாக 33 வருஷம் பின்னால் போகலாம், 2019-லிருந்து 1986, அங்கிருந்து 1953. நாலு குடும்பம். அதில் மஞ்சள் கோட்டு போட்ட ஒரு பையன், அவன் காதலிக்கிற மார்த்தா. எல்லாரும் எல்லா வயசிலும் வருவார்கள். அக்கா பையன் இணையத்திலிருந்து ஒரு வம்சாவளிப் படத்தை எடுத்து, பிரிண்ட் போட்டு, பீரோ கதவில் ஒட்டிவைத்திருந்தான். சிவப்பு அம்புக்குறி, பச்சை அம்புக்குறி என்று பார்க்கவே தலை சுற்றியது. அதை வைத்துக்கொண்டும் அவனுக்குப் புரியவில்லை.

பெரிம்மா படத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஜெர்மன் தெரியாது, கீழே ஓடுகிற இங்கிலீஷும் தெரியாது. "இது யாரு புள்ள?", "அவன எவ கட்டுனா?" இந்த இரண்டு கேள்விகள் மட்டும்தான். அவன் பதில் சொல்லச் சொல்ல, வெற்றிலையில் சுண்ணாம்பைத் தடவிக்கொண்டே கணக்குப் போட்டது.

"இரு. உல்ரிச்சோட சின்னப் பையன் காணாமப்போயி அந்தக் காலத்துக்குப் போயிட்டான். அங்கயே வளந்து கல்யாணம் கட்டி இந்த மஞ்சக் கோட்டுப் பையனப் பெத்தான். அப்ப உல்ரிச்சு இவனுக்குத் தாத்தா. உல்ரிச்சு பொண்ணு அந்த மார்த்தா..." ஒரு நொடி நிறுத்திவிட்டு, வெற்றிலையை மடியிலேயே போட்டுவிட்டது. "அடப் பாவி! அவ அவனுக்கு அத்தடா! அத்த பொண்ணக் கட்டலாம், அத்தையவே கட்டுவானா?"

இதற்குள் இன்னொன்றும் உறைத்தது. அந்தப் பையனின் அம்மாவுக்கும் உல்ரிச்சுக்கும் தொடர்பு என்று முதலிலேயே காட்டியிருந்தார்கள். "அப்ப அது மாமனாராடா?" என்று இரண்டு காதையும் பொத்திக்கொண்டது. கண்ணை மட்டும் டிவியைவிட்டு எடுக்கவில்லை.

ஒரு பெண், தன் மகளுக்கே மகள் என்று தெரியவரும் இடத்தில் அக்கா பையன் சோபாவிலிருந்து எழுந்து நின்றுவிட்டான். பெரிம்மாவுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. "நம்ம வீட்டுல பொட்டப்புள்ள பொறந்தா எங்காத்தாளே வந்து பொறந்திருக்கான்னு சொல்றோமில்ல? அந்த ஊர்ல நெசமாலுமே பொறந்துட்டா. அவ்ளோதான? உக்காருடா."

பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் இருக்கிறார். பெங்களூரில் இருக்கிற மகன் போன் பண்ணி, இதைப் பாருங்கப்பா, மூளைக்கு வேலை என்று சொல்ல, அவரும் அதே தொடரைத் தினம் ஒரு எபிசோட், கையில் நோட்டு பேனாவோடு பார்த்துக்கொண்டிருந்தார். இது எங்களுக்குத் தெரியாது. காலையில் மதிலோரம் துணி காயப் போடும்போது அவர் பேச்சுவாக்கில் சொல்லிவிட்டார். பெரிம்மா ஈரப் புடவையை உதறியபடியே, "நீங்களும் பாக்குறீங்களா சார்? அந்த மஞ்சக் கோட்டுப் பையனுக்கு அந்தப் பொண்ணு அத்தையாம் சார்!" என்றது.

சார் அப்போது மூன்றாவது எபிசோடில் இருந்தார்.

அன்றைக்கு மதிலைத் தாண்டி வந்து சேர வேண்டிய முருங்கைக்காய் வரவில்லை. மறுநாள் பேப்பரும் வரவில்லை. பெரிம்மாவுக்குக் காரணமே விளங்கவில்லை. "உண்மையத்தான சொன்னேன்?" என்று எங்களிடம் நியாயம் கேட்டது. ஆயா, அது ஸ்பாய்லர் என்று அக்கா பையன் விளக்கப்போனான்.

"போடா. வருசா வருசம் திரௌபதியம்மன் கோயில்ல கூத்து போடுறாங்க. படுகளத்துல மண்ணுல அம்மாம் பெரிய துரியோதனன் படுத்துக் கெடக்குறான். பீமன் தொடையில அடிச்சுச் சாவடிக்கப்போறான்னு தெரியாமயா ஊரே விடிய விடிய குந்தியிருக்கு? கதை தெரிஞ்சாத்தான்டா பாக்கவே நல்லாருக்கும். தெரியாத கதைக்கு எதுக்கு அழுவுறதுன்னே புரியாது."

இதில் பெரிம்மா பக்கம் நியாயம் இருப்பதாகத்தான் எனக்குப் படுகிறது. ஆனால் சாரிடம் போய்ச் சொல்ல எனக்கென்ன பைத்தியமா?

சார் அமைதியாக இருந்தது பழிவாங்க என்பது பிறகுதான் தெரிந்தது. நாங்கள் 'சுழல்' என்ற தமிழ்த் துப்பறியும் தொடரை ஆரம்பித்தோம். புஷ்கர்-காயத்ரி எழுதி 2022-ல் வந்த முதல் சீசன். தொடர் முழுக்க அங்காளம்மனுக்கு எடுக்கிற மயானக் கொள்ளைத் திருவிழா பின்னணியில் ஓடும். பெரிம்மா அமாவாசை தவறாமல் மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்குப் போய் ஊஞ்சல் உற்சவம் பார்த்துவிட்டு வருகிற ஆள். திரையில் அம்மன் வேஷம் வரும்போதெல்லாம் கன்னத்தில் போட்டுக்கொண்டதால் அவனால் ஒரு காட்சியைக்கூட ஓட்டிவிட முடியவில்லை. எட்டு எபிசோடில் ஐந்து முடிந்திருந்தது. யார் செய்திருப்பார்கள் என்று பெரிம்மா தெருவில் மூன்று பேரிடம் பந்தயம் வேறு கட்டியிருந்தது.

மறுநாள் காலை சார் தானாகவே மதிலோரம் வந்தார். கையில் முருங்கைக்காய். "சுழல் பாக்குறீங்களாமேம்மா?" என்று சிரித்த முகமாகக் கேட்டு, காய் கைமாறுகிற அந்த நொடியில் குற்றவாளியின் பெயரைச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். பெயரை இங்கே எழுதமாட்டேன். எனக்கும் அக்கம்பக்கம் வேண்டும்.

"படிச்ச மனுசன் செய்யுற வேலையா இது?" என்றது பெரிம்மா. கதை தெரிந்தால்தானே ஆயா பார்க்க நல்லா இருக்கும் என்று அக்கா பையன் கேட்டதற்கு, "அது பாரதம்டா. இதுல நான் பந்தயம் கட்டியிருக்கேன்" என்று பதில் வந்தது.

அப்புறம் ரொம்ப நாள் மதிலோரம் சத்தமே இல்லை. ஒரு நாள் சாயங்காலம் சார் நோட்டோடு வந்து நின்றார். 'டார்க்' மூன்றாவது சீசனில் இன்னொரு உலகம் வந்துவிடும், அங்கேயும் ஒரு மார்த்தா. நோட்டில் நாலு பக்கம் கட்டம் போட்டு, அடித்து, மறுபடி போட்டிருந்தார்.

"அம்மா, உங்களுக்குத்தான் இந்த உறவுமுறையெல்லாம் தெளிவா வருது. அந்தப் புள்ளையப் பெத்தது எந்த மார்த்தா?"

"சொன்னா கதை தெரிஞ்சிடுமே சார், பரவாயில்லையா?"

"முழுசாப் பாத்து முடிச்சுட்டுத்தாம்மா கேக்குறேன்."

பெரிம்மா நோட்டை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தது.

"நான் மூணாவது பாக்கல சார். ஒரே மூஞ்சில ரெண்டு பேரு வந்தா சீரியல இழுக்கப் போறான்னு அர்த்தம். அன்னைக்கே எந்திரிச்சுப் போயிட்டேன்."