அரிசிச் சிப்பத்துக்கு ஆர்எஃப்ஐடி லேபிள்: எங்கள் ஆலையில் பழகிய விதம்

மன்னார்குடிக்குப் பக்கத்தில் ஒரு அரிசி ஆலையில் குடோன் கணக்கு பார்க்கிறேன். எங்களிடம் 25 கிலோ சிப்பமாகப் புழுங்கலரிசி எடுக்கும் கம்பெனி, இனி ஒவ்வொரு சிப்பத்திலும் ஆர்எஃப்ஐடி லேபிள், அதாவது ரேடியோ அலையால் தன் எண்ணைச் சொல்லும் லேபிள், வேண்டும் என்று சொல்லிவிட்டது. டெல்டாவில் இன்னும் பல ஆலைகளுக்கு இந்த வேலை வரும். அவர்களுக்கு உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

காரில் ஒட்டும் ஃபாஸ்டேக் இருக்கிறதே, அதே நுட்பம்தான். லேபிளுக்குள் ஒரு சில்லும் மெல்லிய ஆண்டெனாவும் உண்டு, பேட்டரி கிடையாது. லேபிளைப் படிக்கும் கருவியான ரீடர் அனுப்பும் ரேடியோ அலையிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொண்டு தன் எண்ணைத் திருப்பிச் சொல்லும். இந்தியாவில் இதற்கு 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரையான அலைவரிசை; தனி உரிமம் தேவையில்லை. அமெரிக்காவில் 902 முதல் 928 வரை. விலை குறைவு என்று அந்த ஊருக்கான ரீடரை வாங்கிவிடாதீர்கள்.

எண் போடும் முறை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. 890-இல் தொடங்கும் பார்கோடு ஒரு ரகத்துக்கு ஒன்றுதான். ஆயிரம் சிப்பத்திலும் அதே கோடு. இதிலோ 96 பிட் எண்ணுக்குள் கம்பெனி எண், பொருள் எண், அப்புறம் தொடர் எண்ணும் சேர்ந்து உட்கார்ந்திருக்கும். எந்த இரண்டு சிப்பத்துக்கும் ஒரே எண் வராது. கடையில் ஒரு சிப்பத்தில் வண்டு இருந்தது என்று புகார் வந்தால், அது எந்த நாள் அரைத்தது, எந்த லாரியில் போனது என்று நம் பதிவேட்டில் பார்த்துவிடலாம். மொத்த லோடையும் திருப்பி எடுக்க வேண்டியதில்லை.

லேபிளை எங்கே வைப்பது என்பதில்தான் நாள் போனது. நன்றாகக் காய்ந்த அரிசியிலும் கொஞ்சம் ஈரம் இருக்கும். தண்ணீர் இந்த அலையை உறிஞ்சிவிடும். சிப்பத்தின் வயிற்றுப் பக்கம் ஒட்டினால் அரிசி லேபிளை ஒட்டி நிற்கிறது, ரீடருக்குத் தூரம் எட்டவில்லை. வாய் தைக்கும்போது தையலுக்கு மேலே, அரிசி படாத விளிம்பில் லேபிளையும் சேர்த்துத் தைத்தோம். நல்ல வித்தியாசம் தெரிந்தது. ஊசி சில்லிலோ ஆண்டெனாவிலோ இறங்காதபடி ஓரத்தில்தான் தைக்க வேண்டும்.

லாரிக்குப் போகும் சிப்பங்களை எண்ண குடோன் வாசலில் ரீடர் வைத்தோம்; லேபிளைப் படித்தால் பீப் அடிக்கும். அப்புறம் மேஸ்திரி ஒன்று கவனித்துச் சொன்னார்: "தம்பி, தோள்ல தூக்கிட்டு வரும்போது வாய் உடம்புப் பக்கம் இருந்தா பீப் வரல பாருங்க." உண்மைதான், மனித உடம்பிலும் பெரும்பங்கு தண்ணீர்தானே. வாயை வெளிப்பக்கம் வைத்துத் தூக்குங்கள் என்று லோடுமேன்களிடம் கேட்டுக்கொண்டோம். வாசலின் இரண்டு பக்கமும் ரீடரின் ஆண்டெனா வைத்தோம். அந்த மேஸ்திரி இல்லையென்றால் இந்த வேலை முடிந்திருக்காது.

லேபிளைப் படிக்க வைப்பதைவிடப் படிக்கக் கூடாததைத் தடுப்பதுதான் கஷ்டம். வாசலுக்குப் பக்கத்தில் அட்டி போட்டிருக்கும் (அடுக்கி வைத்திருக்கும்) சிப்பங்களும் "நானும் போகிறேன்" என்று எண்ணைச் சொல்லும். லாரியில் ஏறாத சிப்பம் பில்லில் ஏறிவிடும். ரீடரின் பவரைக் குறைத்தோம், ஆண்டெனாவை வாசல் பாதையை மட்டும் பார்க்கும்படி சாய்த்தோம், அட்டியைத் தள்ளிப் போட்டோம். ஒரே சிப்பம் வாசலைத் தாண்டுவதற்குள் பல தடவை படிக்கப்படும். மென்பொருளில் ஒரு எண்ணை ஒரு தடவை மட்டும் எண்ணச் சொல்ல வேண்டும். அதோடு, லோடு கிளம்புமுன் கையால் எண்ணிய கணக்கோடு ஒப்பிடுவதை இன்னும் விடவில்லை. விடவும் கூடாது என்பது என் கருத்து.

கையில் பிடிக்கும் ரீடரில் தேடும் வசதி ஒன்று இருக்கிறது. எண்ணைக் கொடுத்துவிட்டு நடந்தால், அந்தச் சிப்பத்தை நெருங்க நெருங்கச் சத்தம் வேகமாகும். ரகம் மாறி அட்டியில் கலந்துவிட்ட சிப்பத்தைத் தேட இதுபோல உதவி வேறில்லை.

லேபிளை மொத்தமாக வாங்குமுன் இரண்டு மூன்று வகையில் சாம்பிள் கேளுங்கள். உங்கள் சாக்கில் உங்கள் அரிசியை நிரப்பி, உங்கள் ஆட்களையே தூக்கச் சொல்லிப் பாருங்கள். அடைமழைக் காலத்தில் ஒருமுறை, கோடையில் ஒருமுறை பார்த்தால் இன்னும் நல்லது. சாக்கில் பளபளப்புக்காக உலோகப் பூச்சு இருந்தால் அலை திரும்பிவிடும். முதலில் சாக்கு கொடுப்பவரிடம் பேசுங்கள்.