வேலைக்குப் போக ஒரு கார்

2011-இல் மாணவனாக டெக்சஸ் மாநிலத்தின் ஆர்லிங்டனுக்கு வந்து சேர்ந்தபோது, டாலஸுக்கும் ஃபோர்ட் வொர்த்துக்கும் நடுவே மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழும் அந்த நகரத்தில் டவுன் பஸ் என்ற ஒன்றே இல்லை என்பதை நம்ப எனக்குச் சில நாட்கள் பிடித்தன. எங்கள் பக்கத்துக் குக்கிராமத்தைக்கூட மினி பஸ் ஒன்று நாளுக்கு நான்கு முறை எட்டிப் பார்த்துவிட்டுப் போகும்.

பல்கலைக்கழகச் சமையலறையில் பகுதி நேரமாகப் பாத்திரம் கழுவிய நான், கார் என்பது ஏழைக்கு என்ன செலவு வைக்கும் என்பதை அங்கே என்னுடன் வேலை பார்த்த, என் அம்மாவின் வயதையொத்த ஒரு பெண்மணியிடமிருந்துதான் தெரிந்துகொண்டேன். வங்கிகள் கடன் தராதவர்களுக்குத் தாமே கடன் கொடுத்து விற்கும் பழைய கார் கடை ஒன்றில் அவர் கார் வாங்கியிருந்தார். இத்தகைய கடைகளில் வட்டி அதிகம், தவணையோ பெரும்பாலும் வாரந்தோறும். கியர் பாக்ஸ் பழுதாகிக் கார் ஒரு மாதம் நின்றபோதும் தவணை நிற்கவில்லை. பழுது பார்க்கும் பணத்துக்காக அவர் கட்டாமல் விட்டது காப்பீட்டுக் கட்டணத்தை. அடுத்த மாதமே போலீஸ் அவரை நிறுத்தியது.

அபராதத்தோடு அது முடிந்திருந்தால் சமாளித்திருப்பார். 2003-இல் டெக்சஸ் கொண்டுவந்த ஒரு சட்டத்தின்படி, காப்பீடில்லாமல் ஓட்டியவர் நீதிமன்ற அபராதம் போக, ஆண்டுக்கு 250 டாலர் வீதம் மூன்று ஆண்டுகள் மாநில அரசுக்குக் கூடுதல் கட்டணம் செலுத்த வேண்டும். செலுத்தாவிட்டால் உரிமம் முடக்கப்படும். முடக்கப்பட்ட உரிமத்தோடு ஓட்டிப் பிடிபட்டால் இன்னொரு கட்டணம் ஏறும். 2009 முதல் இன்றுவரை குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர்தான் என்பதால், அந்த 750 டாலர் நூறு மணி நேரத்துக்கும் மேற்பட்ட உழைப்பு. விபத்துச் சிகிச்சை மருத்துவமனைகளுக்கு நிதி திரட்டுவதும் அச்சட்டத்தின் நோக்கங்களில் ஒன்று என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் உரிமம் இல்லையென்றால் ஓட்டாமல் இருக்கலாமே என்று சட்டம் எழுதியவர்கள் எளிதாக நினைத்துக்கொண்டார்கள்; பஸ் இல்லாத ஊரில் ஓட்டாமல் இருப்பது என்றால் வேலையை விடுவது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் உரிமம் இழந்து நின்ற பிறகு, 2019 செப்டம்பரில் அந்தச் சட்டம் நீக்கப்பட்டது.

நகரத்திடம் பணம் இல்லாமலா பஸ் விடவில்லை? பொதுப் போக்குவரத்து வேண்டுமா என்று 2002 உட்பட மூன்று முறை கேட்கப்பட்டும் ஆர்லிங்டன் வாக்காளர்கள் மறுத்தார்கள். 2004-இல் அமெரிக்கக் கால்பந்து அரங்கம் கட்ட அரை சதவீத விற்பனை வரிக்கு அதே ஊர் சம்மதித்தது. நகரத்தின் பங்கு 325 மில்லியன் டாலர். கடையில் துணி வாங்கிய ஒவ்வொருவரும், காரில்லாதவர் உட்பட, அந்த வரியைக் கட்டினார்கள். 2013-இல் ஒரேயொரு பஸ் வழித்தடம் வந்தது, 2017-இல் நின்றது. இப்போது செயலியில் அழைத்தால் வரும் வேன் ஓடுகிறது, அதற்குக் கால அட்டவணை கிடையாது.

படிப்பு முடிந்து வேலையில் சேர்ந்து இரண்டு ஆண்டுகள் கழித்து, ஒருநாள் பழைய சமையலறைப் பக்கம் போயிருந்தேன். கடன் மதிப்பெண்ணையும் பார்த்துக் காப்பீட்டுக் கட்டணத்தை முடிவு செய்ய டெக்சஸில் அனுமதி உண்டு. தவணை தவறாத என் மதிப்பெண்ணுக்காக, அந்தப் பெண்மணியின் காரைவிடப் பல ஆண்டுகள் புதிய காருக்கு, அவரைவிடக் குறைவாகவே நான் கட்டிக்கொண்டிருந்தேன். மாதம் எவ்வளவு கட்டுகிறாய் என்று அவர் கேட்டார். நாற்பது டாலர் கூட்டிச் சொன்னேன்.