ரோட்டா வைரஸ் வந்த பேட்ச்: ஒரு கறிக்கோழிப் பண்ணையாளரின் அனுபவம்

பல்லடம் பக்கம் 5,000 குஞ்சு விடும் ஒரு கொட்டகையில் ஒரு நிறுவனத்துக்காக ஒப்பந்த முறையில் கறிக்கோழி வளர்க்கிறேன். சென்ற மழைக்காலத்துப் பேட்ச்சில், அதாவது ஒன்றாக இறக்கி வளர்த்த குஞ்சுத் தொகுதியில், ஒன்பதாம் நாள் காலை உள்ளே நுழைந்தபோது தரையில் கூளமாகப் போட்டிருந்த தென்னை நார்க்கழிவு ஈரமாகிச் செருப்பில் அப்பியது. குஞ்சுகள் கொத்தித் தண்ணீர் குடிக்கும் நிப்பிள் ஒழுகுகிறது என்று எண்ணிக் குழாய் வரிசை முழுவதையும் தடவிப் பார்த்தேன், எங்கும் ஒழுகவில்லை. குனிந்து பார்த்த பிறகுதான் எச்சம் தண்ணீராக இருப்பதும், மஞ்சள் நுரைக்கு நடுவே மக்காச்சோளத் துணுக்குகள் செரிக்காமல் கிடப்பதும் தெரிந்தது.

இரத்தம் இல்லாவிட்டாலும் இரத்தக் கழிச்சலின் தொடக்கமாக இருக்கலாம் என்று நிறுவனத்தின் சூப்பர்வைசர் அதற்கான மருந்தைக் கொடுத்தார். அது கேட்காமல் போகவே ஆன்டிபயாடிக்கும் தண்ணீரில் கலந்தோம். ஐந்து நாள் கழிந்ததுதான் மிச்சம். பதினான்காம் நாள் எடை போட்டபோது, ஒரே கொட்டகையில் 400 கிராமைத் தாண்டிய குஞ்சும் 200 கிராமைத் தொடாத குஞ்சும் இருந்தன. இளைத்தவற்றின் இறக்கை இறகுகள் படியாமல் பக்கவாட்டில் துருத்தி நின்றன. செத்தவை கொஞ்சம்தான், தின்றும் வளராதவைதாம் என்னைக் கவிழ்த்தன.

அவற்றில் ஆறைப் பெட்டியில் போட்டுக்கொண்டு நாமக்கல்லுக்குப் போனேன். அங்கிருந்த கால்நடை மருத்துவர் பார்த்துவிட்டு, "இளைச்சுப்போனதுல வைரஸ் கிடைக்காமப் போகலாங்க, நேத்து இன்னைக்குக் கழியத் தொடங்கின குஞ்சா நாலு கொண்டு வாங்க" என்றார். அலைச்சலுக்கு எரிச்சல் வந்தது உண்மை. ஆனால் வைரஸ் எச்சத்தில் அதிகமாக வெளியேறுவது நோயின் முதல் சில நாள்களில்தான் என்று அவர் விளக்கியபோது மறுபேச்சில்லை. மறுநாள் கொண்டுபோன குஞ்சுகளை என் எதிரிலேயே அறுத்துக் காட்டினார். குடல் வெளிறி, சுவர் மெலிந்து, உள்ளே தண்ணீரும் காற்றுமாக உப்பியிருந்தது. சுரண்டிப் பார்த்ததில் இரத்தக் கழிச்சல் கிருமியின் அறிகுறி இல்லை. எச்சத்தைப் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து ஆய்வுக்கு அனுப்பினார். ரோட்டா வைரஸின் மரபுப்பொருள் 11 துண்டுகளாக இருப்பதால், ஜெல் என்னும் கூழ்ப் பலகையில் மின்சாரம் செலுத்தி ஓட்டினால் தனித்தனிக் கோடுகளாகத் தெரியும். என் மாதிரியில் அவை தெரிந்தன. நலமான கோழியிலும் இந்த வைரஸ் இருக்கக்கூடும் என்பதால், அறுத்துப் பார்த்ததையும் எடைக் கணக்கையும் சேர்த்தே அவர் முடிவு சொன்னார்.

குடலின் உட்சுவரில் சத்தை உறிஞ்சும் விரல் போன்ற நீட்சிகளின் முனைச் செல்களையே இந்த வைரஸ் அழிக்கிறது. உறிஞ்சப்படாத தீவனம் குடலுக்குள் தண்ணீரை இழுத்துக்கொண்டு வெளியேறுகிறது. வைரஸை ஆன்டிபயாடிக் ஒன்றும் செய்யாது. கோழிகளுக்கு இதற்கென விற்பனைத் தடுப்பூசியும் இல்லை. ஆகவே ஈரக் கூளத்தை அள்ளி உலர்ந்ததைப் பரப்பினோம், இரவில் கூடுதல் வெப்பம் தந்தோம், தண்ணீரில் எலக்ட்ரோலைட் என்னும் உப்புக் கலவையைக் கலந்தோம், தேறாத குஞ்சுகளைக் கூட்டத்திலிருந்து நீக்கினோம். செத்த செல்களுக்குப் பதில் புதியவை முளைப்பதால் கழிச்சல் ஒரு வாரத்தில் நின்றது. இழந்த எடை திரும்பவில்லை; வளர்ப்புக் கூலியில் பெரிய துண்டு விழுந்தது.

தவறு என்னுடையதும்தான். மூன்று பேட்ச்சாகக் கூளத்தின் மேல்பகுதியை மட்டும் அள்ளிவிட்டு, சுண்ணாம்பைத் தூவி, கொட்டகை காலியான பத்தாம் நாளே அடுத்த குஞ்சை இறக்கியிருந்தேன். இந்த வைரஸுக்குக் கொழுப்புறை இல்லாததால் சாதாரண கிருமிநாசினிகளைத் தாங்கி நிற்கும். எச்சம் ஒட்டியிருந்தால் நல்ல கிருமிநாசினியும் வீரியம் இழக்கும். அதனால் இம்முறை கூளம் முழுவதையும் வெளியேற்றி, முதலில் சோப்புத் தண்ணீரால் தேய்த்துக் கழுவிக் காயவிட்டு, அதன் பிறகே ஃபார்மலின் என்ற கிருமிநாசினியை அடித்தேன். தண்ணீர்க் குழாய்களையும் கழுவி, 21 நாள் கொட்டகையைக் காலியாக வைத்தேன். நிறுவனத்துக்கு அந்த இடைவெளி பிடிக்கவில்லை. இரண்டு முறை போன் வந்தது.

அடுத்த பேட்ச்சின் ஒன்பதாம் நாள், விடியும் முன்பே டார்ச்சுடன் போய்த் தரையைக் கையால் அள்ளிப் பிசைந்து பார்த்தேன். உருண்டை பிடிக்காமல் உதிர்ந்தது.